திருடன் தொடாத கேபிள்

லண்டன் சந்தையில் செம்பு விலை ஏறுவதற்கு முன்பே ஓசூரில் ஒருவர் முகத்தில் அது ஏறிவிடும். அவர்தான் எங்கள் 'செம்பு சார்'.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். டெலிபோன் கேபிள் கம்பெனி ஒன்றில் அவர் விற்பனை மேனேஜர். நான் கணக்குப் பிரிவு. அவர் ஆந்திர, கர்நாடக எல்லையோரத்து வேப்பனப்பள்ளிக்காரர். லாரி டிரைவரிடம் தெலுங்கு, பெங்களூர் பார்ட்டியிடம் கன்னடம், எங்களைத் திட்ட மட்டும் தமிழ். செம்புக் கம்பியைக் காதோரம் பிடித்துச் சுண்டுவார். "கேட்டியா, பாடுது!" என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. தலையை மட்டும் ஆட்டுவோம்.

ஃபைபர் கேபிள் என்றாலே அவருக்கு ஆகாது. "கண்ணாடி நூலுக்குள்ள பேச்சு போவுமாம்! வளையல் கடைக்குப் போயி ஹலோ சொல்லிப் பாரு, யாராச்சும் பதில் சொல்றாங்களான்னு."

செல்போன் வந்தது. லேண்ட்லைன் ஆர்டர் சுருங்கியது. செம்பு விலையோ மாங்காய் மண்டி ஏலம்போல எகிறியது. கேபிள் பிரிவையே மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மெஷின்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

செம்பு சார் மறுநாள் முதலாளி அறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"ஃபைபர் மெஷினு வாங்குங்க. ஆர்டரு நான் கொண்டாறன்."

"நீங்களா?" முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "முதல்ல கொண்டாங்க, அப்புறம் பாக்கலாம்."

கிருஷ்ணகிரியில் டெலிபோன் லைன் போடும் கம்பெனி ஒன்று இருந்தது. அவர்கள் புதைக்கும் செம்புக் கேபிளைத் திருடர்கள் தோண்டி எடுத்தபடியே இருந்தார்கள். ஆனாலும் ஃபைபர் என்றதும் அந்த இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். செம்பு சார் வாதாடவில்லை. அவர்கள் ஆபீஸுக்கு எதிரே, ரோட்டோரம், செம்புக் கேபிள் சுருள் ஒன்றையும் வெளியே வாங்கிய ஃபைபர் சுருள் ஒன்றையும் அருகருகே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

காலையில் போய்ப் பார்த்தோம். செம்புச் சுருளைக் காணோம். ஃபைபரின் முனையை மட்டும் யாரோ அறுத்து, உள்ளே பார்த்து, வெறுத்துப்போய்ச் சாக்கடையோரம் வீசியிருந்தார்கள். செம்பு சார் இன்ஜினியரை வெளியே அழைத்து வந்து காட்டினார்.

"மார்க்கெட்டு எந்தப் பக்கம் போவுதுன்னு நாம பேசிக்கிட்டே இருக்கலாம் சார். திருடன் முடிவு பண்ணிட்டான். அவன் தொடாத கேபிளு வேணுமா, வேணாமா?"

இன்ஜினியர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. ஆர்டர் கிடைத்தது. மெஷின் வந்தது. ஒருவருக்கும் வேலை போகவில்லை. உயிராய் நினைத்த சரக்குக்கு எதிராகத் தானே பேசி ஜெயித்த மனிதரை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய செம்பு மெஷினை விற்று லாரியில் ஏற்றிய அன்று, அவர் கேட் வரை லாரியோடு நடந்தார்.

"நாமதானே சார் ஜெயிச்சோம்?" என்றேன்.

"ஆமாம்பா, ஜெயிச்சோம்" என்றார், யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல.

அன்று மதியம் கேன்டீனில் யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அவரவர் தட்டைத் தூக்கிக்கொண்டு, இடம் போதாவிட்டாலும், எல்லோரும் அவர் மேசைக்கே போய் உட்கார்ந்தோம்.