சம்பந்தியம்மா தூவிய பவுடர்

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், நீங்கள், என் பெரியவன், உங்கள் மகளாகவும் என் மருமகளாகவும் இருக்கிறவள், குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர். வேறு ஒரு ஈ காக்காய் இல்லை. நாளைக்கு என் நாத்தனார் "நானும் அங்கதான் இருந்தேன், என் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் நம்பாதீர்கள். அவர் எந்த இடத்திலும் இல்லாமலே எல்லாவற்றையும் பார்த்தவர். இதை முதலில் எழுதிவிட்டு நலம் விசாரிக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்ததா? முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நான் நலம். என் ஞாபகமும் நலம். அதைத் தனியாக எழுத வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுபோனது ஒருவர், அதிலிருந்து கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தது நீங்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கூட இருந்தவளுக்கே நடந்ததை எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நீங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தீர்கள், பாதிதான் பார்த்திருப்பீர்கள். மீதியையும் சேர்த்து முழுசாக ஓரிடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவள். கூட்டல் சொல்லிக்கொடுத்த வரைக்கும் போனேன், கழித்தல் வருவதற்குள் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ எனக்கு எதையும் கழிக்கத் தெரியாது. நடந்ததெல்லாம் கூடிக்கூடி உள்ளேயே கிடக்கிறது.

என் சின்ன மகள் எனக்கென்று வாங்கி அனுப்பிய லேப்டாப் உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பெட்டி, விசைகளும் வெள்ளை. திறந்தால் கட்டம் கட்டமாகச் சொந்தக்காரர்களின் முகங்கள் இருக்கும். ஒரு முகத்தைத் தொட்டால் அந்த ஆள் அவர் வீட்டிலிருந்தே எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார். இந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் அதுதான். சிலர் அதில் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார்கள். நான் நிலுவையில் இருக்கிற விஷயங்களைப் பேசுவேன். என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான், நல்ல மழையில் என் குடையை வாங்கிப்போய்க் கம்பியை ஒடித்து, ஒன்றும் நடக்காதது போலக் கதவோரம் சாய்த்துவிட்டுப் போனவன். குடைக்காரன் என்றுதான் அவனைச் சொல்வேன். மழை பெய்கிற அன்றைக்கெல்லாம் அவனைக் கூப்பிடுவேன். திட்ட மாட்டேன். "அங்க மழையாடா? நனையாம இருக்கியா?" என்று கேட்பேன், அவ்வளவுதான். அவனுக்குப் புரியும்.

ஒருநாள் மழை வந்தது, பெட்டியைத் திறந்தேன், முதல் வரிசையில் கடைசியாக இருந்த குடைக்காரனைக் காணோம். அவன் இருந்த இடத்துக்கு என் ஓரகத்தி நகர்ந்து வந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். பெரியவனைக் கூப்பிட்டேன்.

"எங்கடா குடைக்காரன்?"

"யாரு?"

"என் அக்கா மகன்டா. இந்த மூலையிலதான் இருந்தான்."

"அவன் நம்பர் இதுல இருந்ததே இல்லையேம்மா. நீ வேற எங்கயாவது பார்த்திருப்ப."

முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் சொன்னான். சரி என்று விட்டேன். பிறகு ஓரகத்தி போனாள். அப்புறம் என் சித்தப்பா மகன். யாரோ என் பெட்டியில் கை வைக்கிறார்கள் என்று சொன்னேன். பெரியவன் என் தோளில் கை போட்டு, பச்சைப்பிள்ளையிடம் பேசுகிற குரலில், "யாரும்மா தொடப் போறா? நீயே எதையாவது அமுக்கி அழிச்சிருப்ப. அப்புறம் மறந்திருப்ப. வயசாச்சுல்ல?" என்றான். சம்பந்தியம்மா, என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். வாய்க்காரி, பிடிவாதக்காரி, ராட்சசி. எல்லாம் சரி. மறந்துபோனவள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

அந்த ஒரு சொல் வீடு முழுவதும் பரவிவிட்டது. உங்கள் மகளைக் குற்றம் சொல்லவில்லை, அவள் புருஷன் சொன்னதை நம்பினாள். டப்பாக்களில் எல்லாம் சீட்டு ஒட்டினாள்: 'உப்பு', 'சர்க்கரை'. நான் மூடி திறக்காமலே குலுக்கிப் பார்த்து உப்பா சர்க்கரையா என்று சொல்லிவிடுவேன், எனக்குச் சீட்டு! அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், "அணைச்சிட்டீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலோடு நிற்காமல் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கடைசியில் பெரியவன், "வீட்டுச் சாவி இனிமே என்கிட்டயே இருக்கட்டும்மா" என்று என் இடுப்பிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டான். சாவி போன இடுப்பு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை.

அதோடும் விடவில்லை, ஞாபக மருத்துவரிடம் கூட்டிப்போனான். அவர், "காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்றார். ரொட்டி, முட்டை, முட்டையில் மிளகு அதிகம் என்றேன். "நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். அவர் நர்சின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார்: நாற்காலி, ஆறு, மணி. இன்றைக்கும் சொல்கிறேன்: நாற்காலி, ஆறு, மணி. எல்லாம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்காங்க, இருந்தாலும் ஒரு கண் வெச்சுக்குங்க. ஏதாவது மறந்துபோனா என்னைக் கூப்பிடுங்கம்மா" என்று நம்பர் கொடுத்தார். மருமகள் அவர் படத்தையும் பெட்டியில் சேர்த்துவைத்தாள்.

வருகிற வழியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று அவர்கள் நினைத்தார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அது பயம். இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை உண்மையோ? குடைக்காரன் முகம் அந்த மூலையில் இருந்ததாக நானே நினைத்துக்கொண்டேனோ? அப்படியானால் அந்தக் குடையும் நானே நினைத்துக்கொண்டதுதானோ? பிறகு என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததும் மழை பிடித்தது. நான் பெட்டியைத் திறக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் நீங்கள் மகளைப் பார்க்க வந்தீர்கள். வாசலில் உங்களைப் பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே உங்களுக்குச் சந்தேகம் தந்துவிட்டது. மருமகள் உங்களைத் தனியாகக் கூட்டிப்போய், "அத்தைக்கு மறதிம்மா" என்று கிசுகிசுத்ததும், நீங்கள் சமையலறை அதிரச் சொன்னதும் என் காதில் விழுந்தது. அதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து மாறாது:

"இவங்களுக்கா? மறதியா? உன் கல்யாணப் போட்டோல என் கொண்டை இவங்க முகத்த மறைச்சிடுச்சாம். நான் இந்த வீட்டுக்கு வர்றப்பல்லாம், செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லிடுவாங்க. இவங்களுக்கு மறதி வந்தா முதல்ல சந்தோஷப்படப் போறவ நான்தான்டி. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல!"

சம்பந்தியம்மா, மருத்துவர் சொல்லி வராத தெம்பு எனக்கு அதில் வந்தது. என் ஞாபகத்தால் கஷ்டப்பட்ட ஒருவர் வந்து சாட்சி சொன்னதற்கு மேல் என்ன வேண்டும்? கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "யாரோ தொட்டிருக்காங்க. கண்டுபிடிச்சிடலாம்" என்றீர்கள். டைப்பிஸ்டாக இருந்த காலத்தில், சாப்பிடப் போகிற நேரம் பார்த்து யாரோ உங்கள் டைப்ரைட்டரைத் தட்டிவிட்டு நாடாவைச் சிக்கவைத்துவிட்டுப் போனதும், நீங்கள் விசைகளின் மேல் மெல்லிசாக முகப்பவுடர் தூவிவிட்டுப் போய், திரும்பி வந்து யார் சட்டைக் கையில் வெள்ளை இருக்கிறது என்று பார்த்ததும் அப்போதுதான் சொன்னீர்கள். "இந்தப் பெட்டி வெள்ளையா இருக்கறது நமக்கு நல்லதாப் போச்சு. பவுடர் கண்ணுக்கே தெரியாது. ஆனா ஒரு இரை வேணும் சம்பந்தி."

இரையை நான் போட்டேன். சாப்பாட்டு மேஜையில், எல்லார் காதிலும் விழ, "சம்பந்தியம்மா எனக்குப் புதுசா ஆள் சேர்க்கச் சொல்லிக்கொடுத்தாங்க. உன் மேனேஜரச் சேர்த்திருக்கேன்டா. அன்னைக்கு நம்ம வீட்டுக்கு வந்துட்டு நான் போட்ட காபிய வாயிலயே வைக்காமப் போனாரே, அவரு. நாளைக்கு மத்தியானம் கூப்பிட்டு ஏன்னு கேக்கப் போறேன்" என்றேன். பெரியவனுக்குப் புரையேறியது. நீங்கள் தண்ணீரை எடுத்து நீட்டினீர்கள். உங்கள் முகத்தில் ஒரு அசைவு இல்லை. அந்த இடத்தில்தான் நான் உங்களை முழுசாக மதித்தேன்.

மறுநாள் காலையில் பிளம்பர் வந்தது நாம் கேட்காமலே கிடைத்த உதவி. வேலைக்கு வந்தவர்களை நான் தனியே விடமாட்டேன், தலைமாட்டில் நிற்பேன் என்பது பெரியவனுக்குத் தெரியும். பவுடரைத் தூவிவிட்டு நீங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனீர்கள், நான் குளியலறைக்குப் போனேன். "கொஞ்சம் சத்தமாத் தட்டுப்பா" என்றேன். "வேலை முடிஞ்சிருச்சு பாட்டி" என்றார். "முடிஞ்சாலும் தட்டு." அவரும் பாவம், ஒரு நல்ல குழாயைப் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தை நம்பித்தான் என் பெரியவன் பெட்டியைத் திறந்தான். நீங்கள் இருமினீர்கள். நான் வந்தேன். நான் பெற்ற பிள்ளையல்லவா, அதற்குள் பெட்டியை மூடிவிட்டுச் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தான். நான் திறந்து பார்த்தேன். மேனேஜர் இல்லை.

"எங்கடா உன் மேனேஜர்?"

"மேனேஜரா? அவர எப்பம்மா சேர்த்த? நேத்து நீ அப்படி எதுவும் சொல்லவே இல்லையே. பாவம்மா, உனக்கு ரொம்ப…"

சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினான். ஏற்கெனவே ஒருமுறை தள்ளியிருப்பான் போலிருக்கிறது. மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு, நெற்றியில் ஒன்று, கறுப்புக் கால்சட்டையில் அஞ்சு விரலும் பதிந்த முழுக் கை. நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, "மாப்பிள்ள, நல்லா வாசனையா இருக்கீங்க" என்றீர்களே! மருமகள் புருஷன் மூக்கைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஓடிப்போய் டப்பாக்களில் ஒட்டிய சீட்டுகளைக் கிழித்தாள். நான் பிளம்பரைக் கூப்பிட்டு, "நீயே பாருப்பா, இது யார் தப்பு?" என்றேன். "எனக்குக் குழாய் மட்டுந்தான் பாட்டி தெரியும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு தரம் பாட்டி என்றதை நான் குறித்துக்கொண்டேன்.

பெரியவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "குடைக்காரன் என் ஆபீஸ்லதாம்மா வேல பார்க்கிறான். நீ மழைன்னு கூப்பிட்டா அவன் என் மேஜைக்கு வந்து நின்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான். உனக்கும் பேசி முடிச்ச அப்புறம் படபடன்னு வருது, சாப்பிட மாட்டேங்கற. அதான் ஒவ்வொருத்தரா எடுத்தேன்" என்றான். நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள்: "முகத்த எடுத்தது போகட்டும்டா. கேட்டிருந்தா திட்டியிருப்பேன், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன், அதோட போச்சு. என் மண்டையிலேருந்தே எடுத்தவன் மாதிரி பேசினியே, நானே என்னை நம்பாமப் போயிட்டேனே, அத எந்தக் கட்டத்துல திருப்பி வைப்ப?" அவன் அழுதான். எனக்கும் மூக்கில் பவுடர் ஏறியது போல இருந்தது.

நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்தது இதுதான். எடுத்தவர்களைத் திரும்பச் சேர்க்க உட்கார்ந்தால், நம்பர் ஒன்றுகூட அவனிடம் இல்லை. யார் யாரை எடுத்தான் என்பதும் அவனுக்கு ஞாபகமில்லை! நான் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக ஆளையும் நம்பரையும் சொன்னேன், அவன் தட்டினான். ஒரு இலக்கம் தப்பவில்லை. முடித்ததும் அவனாகவே எழுந்து சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். இப்போது இடுப்பில் நல்ல கனம். மழை வந்தால் குடைக்காரனைக் கூப்பிடுவதில்லை என்று நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தூறலைப் பற்றி அவன் கேட்கவில்லை.

சம்பந்தியம்மா, நான் நன்றி சொல்லிப் பழகியவள் இல்லை, அதனால் எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். கல்யாணப் போட்டோவில் என் முகத்தை மறைத்த உங்கள் கொண்டையை இந்தக் கடிதத்தோடு மன்னிக்கிறேன். மறக்கவில்லை, மறந்தால் நீங்களே கவலைப்படுவீர்கள். பெரியவனையும் மன்னித்தாயிற்று. பிளம்பரையும்தான். நான் இதுவரை எதையும் மறந்ததில்லை என்பதை அறிந்த ஒரே மனுஷி நீங்கள், அடிக்கடி வந்து போங்கள். உங்கள் முழங்காலுக்குப் படிகள் தாழ்ந்து கொடுக்கட்டும், உங்கள் கொண்டை யார் முகத்துக்கும் முன்னால் நிற்காமல் நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பெட்டியை ஒருதரம் திறந்து பார்த்தேன். கடைசி வரிசையில் என் நாத்தனாருக்கு அடுத்த கட்டம் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு ஆள் இருந்தார், அது நிச்சயம். யார் என்று தெரியவில்லை. பெரியவனும் யாரையோ எடுத்தேன் என்கிறான், அவனுக்கும் தெரியவில்லை. நான் தெரிந்தது போலத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மேலே 'எதையும் மறந்ததில்லை' என்று எழுதியதை நீங்களே அடித்துவிடுங்கள், எனக்குக் கை வரவில்லை. பெரியவன் காதுக்கு இது போகக் கூடாது. மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுபடியும் பின்குறிப்பு: பசையைத் தடவும்போது வந்துவிட்டது! நாற்காலி, ஆறு, மணி. ஏதாவது மறந்துபோனால் கூப்பிடுங்கள் என்று நம்பர் கொடுத்தாரே, அவரைத்தான் மறந்துபோயிருக்கிறேன். மற்ற எல்லாரையும் மன்னித்தது மன்னித்ததுதான், அதில் மாற்றமில்லை. அந்த ஞாபக மருத்துவரை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.