குண்டு பட்ட குடுவை

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் அந்தத் தண்ணீர்க் குடுவையின் அடியைத் தடவிப் பார்க்கலாம். அங்கே இருக்கும் பள்ளம் பொய் சொல்லாது.

பாங் தெகுவான் மூன்று வருடமாகச் செத்துக்கொண்டிருந்தார்.

செங்துவில் அவர் சேர்ந்திருந்த குழு, ஜப்பானியரை எதிர்த்துப் போன சிச்சுவான் படையைப் போல உடுத்தி, ஆண்டுதோறும் ஊருக்கு வெளியே ஒரு வயலில் அந்தச் சண்டையை நடித்துக் காட்டும். யாருடைய சாமான் அந்தக் காலத்துச் சாமான் இல்லையோ, அவர் எதிரிப் பிணம். சேற்றில் குப்புறப் படுக்க வேண்டும். பாங்கின் வைக்கோல் செருப்பு தேறியது, காலில் சுற்றும் பட்டித் துணி தேறியது. குடுவைதான் ஒவ்வொரு வருடமும் அவரைக் கொன்றது.

"இந்த வருஷமாவது உயிரோட நடப்பீங்களா?" என்றாள் மனைவி யூஜென். "என் ஆபீஸ்காரங்க எல்லாம் வர்றாங்க. போன தடவை எது உங்க முதுகுன்னு எனக்கே தெரியல."

பழம்பொருள் சந்தையில் ஒரு குடுவை வாங்கிப் போனார். குழுவில் சாமான் சோதிப்பவர் பல் டாக்டர் சூய். அந்த அம்மாள் குடுவையின் வாரிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சி காட்டினார்.

"உருகுது பாருங்க. நைலான்."

இன்னொன்று வாங்கினார்.

"இது என் அண்ணன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது மாதிரி இருக்கு."

பாங்குக்கு ரோஷம் வந்தது. புதுக் குடுவை ஒன்றை வாங்கி, வினிகரில் ஊறப்போட்டுத் துருப்பிடிக்க வைத்து எடுத்துப் போனார்.

"துரு பிரமாதம். வினிகர் வாசனை அதைவிடப் பிரமாதம். சேத்துல போய்ப் படுங்க பாங்."

மனம் நொந்து மாமியார் வீட்டில் நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் அதன் மேல் மிளகாய் எண்ணெய் ஊற்றினாள். ஊற்றியது நசுங்கிய ஒரு தகரக் குடுவையிலிருந்து.

"அத்தை! இது எங்க கெடைச்சுது?"

"என் மாமனார் போர்லருந்து கொண்டாந்தது. எண்ணெய் இதுல இருந்தாத்தான் மணக்கும். தொட்டீங்க, அவ்வளவுதான் மாப்பிள்ளை."

அவள் மாஜோங் காய் ஆடப் போனதும் எண்ணெயை வேறொரு ஜாடிக்கு மாற்றிவிட்டுக் குடுவையோடு நழுவினார். அரிசி கழுவிய தண்ணீர், வெந்நீர், சாம்பல் எல்லாம் போட்டுக் கழுவினார். காரம் போகவில்லை. போனால் என்ன, போகாவிட்டால் என்ன? இடுப்பில் தொங்கப்போகிற சாமானை யார் குடிக்கப் போகிறார்கள்?

சூய் குடுவைக்குள் பல் பார்க்கும் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். தக்கையைக் கண்டு பெருமூச்சு விட்டார். அடியிலிருந்த பள்ளத்தைத் தடவியதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"குண்டுச் சிதறல் பட்ட வடு. அசல்! பாங், நீங்க முதல் வரிசை. தாத்தாவுக்குத் தண்ணி கொடுக்கிறதும் நீங்கதான்."

"குடிக்கவா டாக்டரம்மா?"

"பின்னே, குளிக்கவா?"

அந்தக் குழுவில் அது மரியாதை. முதியோர் இல்லத்திலிருந்து பழைய வீரர் ஒருவரை அழைத்து வருவார்கள்; முதல் வரிசை ஆள் ஒருவர் குனிந்து தண்ணீர் கொடுப்பார். இந்த வருடம் சாவ் தாத்தா. எந்தப் போரைக் கேட்டாலும் யார் எங்கே நின்றார், புகை எந்தப் பக்கம் கிளம்பியது என்று சொல்வார் என இல்லத்துப் பணிப்பெண் சத்தியம் செய்திருந்தாள்.

பாங் உயிரோடு நடந்தார். கூட்டத்தில் யூஜென் கை தட்டினாள். அவள் பக்கத்தில் எண்ணெய்க் குடுவையைத் தேடி வந்த மாமியார், இடுப்பில் கை வைத்து நின்றாள். பாங் குடுவையை மறுபக்கம் தள்ளிக்கொண்டு நடந்தார்.

தாத்தா குடுவையை வாங்கினார். ஒரு மடக்கு குடித்தார். முகம் சிவந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.



"பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு" என்று சூய் விம்மினார். யூஜெனின் ஆபீஸ்காரர்கள் தலை வணங்கினார்கள். பிணங்கள்கூடச் சேற்றிலிருந்து எழுந்து நின்று வணங்கின.

மாமியார் மூக்கைச் சிந்தினாள். "அது என் மாமனாரோட குடுவை!" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னாள். பிறகு பாங்கிடம் வந்து, "மாப்பிள்ளை, நீங்க எடுத்துட்டு வந்ததே நல்லதாப் போச்சு. எங்க குடும்பத்துக்கு இப்படி ஒரு மரியாதை யார் செய்வா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாங்கும் அழுதார். அவருடையது உயிர் தப்பிய அழுகை.

தாத்தா இருமி முடித்து, குடுவையைத் திருப்பி, அடியிலிருந்த பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தார். விரல் அச்சாகப் பொருந்தியது. பாங்கின் கன்னத்தை ஆசையாகத் தட்டினார்.

"ரொம்ப நன்றிப்பா. சினிமா கம்பெனியில போர்ப் படங்களுக்கு நான் செஞ்ச குடுவைக்கெல்லாம் அடையாளமா அடியில சுத்தியலால ஒரு தட்டு தட்டுவேன். இது ஒண்ணைத்தான் எங்க வாட்ச்மேன் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டான்."