படம் தெரிகிறதா என்று பார்ப்பவர்

படம் பார்ப்பவர் வேறு, படம் தெரிகிறதா என்று பார்ப்பவர் வேறு. முதல் வகையில் நீங்களும் நானும் ஊர் உலகமும் அடக்கம். கதாநாயகி கடைசியில் சிரித்தாளா, அழுதாளா என்று தெரிந்தால் நமக்குப் போதும். இரண்டாம் வகைக்கு அவள் எக்கேடு கெட்டாலும் சரி, கெடும்போது கூந்தல் ஓரத்தில் பிசிறு தட்டக்கூடாது.

இவர்களை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. வீட்டாரே அதைப் பார்த்து நாளாயிற்று. முதுகு ஒன்று இருக்கும், முதுகுக்கு அப்பால் கம்ப்யூட்டர் திரை இருக்கும், பக்கத்தில் மூடி கழற்றிய பெட்டி வயிறு திறந்து கிடக்கும், திருகாணிகள் சர்க்கரை டப்பா மூடியில் குவிந்திருக்கும். சமையலறையில் யாராவது அந்த மூடியைத் தேடித் திட்டிக்கொண்டிருந்தால் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியை, “எல்லாம் கம்ப்யூட்டர்லயே வரும்போது இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?” என்று யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். அன்று முதல் கம்ப்யூட்டரில் எல்லாம் வருகிறது. படம் வந்தால் குரல் வராது. குரல் வந்தால் செய்தி வாசிப்பவர் பச்சையாக வருவார். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை மாற்றினார். பச்சை போய் ஊதா வந்தது. “முன்னேற்றம்,” என்றார்.

பிறகு கோடெக் வந்தது. அதைத் தங்கைக்கு விளக்கிய அழகை நான் கேட்டிருக்கிறேன்.

“படத்தை அப்படியே அனுப்ப முடியாது. மடிச்சு மடிச்சு அனுப்பறான். இங்க பிரிச்சு விரிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் கோடெக்.”

தங்கை சலவைக்கடை நடத்துகிறவள். மடிப்பு பற்றி அவளுக்கே பாடமா?

“எத்தனை ஆள் வச்சிருக்கீங்க?”

“பதினேழு.”

“ஒரு துணியைப் பதினேழு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா கிழியாம என்ன செய்யும்?”

அவர் பதினெட்டாவது ஆளை இறக்கிக்கொண்டிருந்தார்.

இவர்களிடம் பந்தாட்டம் பார்க்கப் போகாதீர்கள். ஒருமுறை போனேன். “யாரு ஜெயிக்கறாங்க?” என்று கேட்டேன். “செகண்டுக்கு அம்பது,” என்றார். எந்த அணிக்கு ஐம்பது என்று நான் மூன்று நாள் யோசித்தேன். ஒரு நொடிக்கு ஐம்பது படம் ஓடுகிறதாம். அவர் மகள் பள்ளிப் படிவத்தில் ‘தகப்பனார் தொழில்’ என்ற கட்டத்தில் ‘ரீஸ்டார்ட்’ என்று எழுதியதைத் தவறு என்று யார் சொல்வது?

இப்படியிருக்க, தங்கைக்கு டிவியிலிருந்து அழைப்பு வந்தது. காலை பதினொரு மணிக்கு நேரலை, கறை நீக்குவது எப்படி, கால் மணி நேரம், நேயர்கள் போனில் கேள்வி கேட்பார்கள். ஒரு வாரம் இஸ்திரி மேஜைக்கு எதிரே நின்று ஒத்திகை பார்த்தாள். கிளம்பும்போது அவரிடம் சொன்னாள்:

“இன்னிக்கு ஒரு நாள் கை வைக்காதீங்க. நேத்து எப்படி வந்துச்சோ அப்படியே வரட்டும். எப்படிப் பேசினேன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். மத்தவங்க சொல்றதெல்லாம் எனக்குக் கணக்கில்ல.”

“சத்தியமா,” என்றார்.

பத்தரை மணிக்குப் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதுதான் அவருக்கு உறுத்தியது. பத்தே முக்காலுக்கு கிராபிக்ஸ் கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருளை மாற்றினார். பதினொன்றுக்கு நானும், அம்மாவும், மகளும், கடையில் இஸ்திரி போடும் இரண்டு பெண்களும் அவருக்குப் பின்னால் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, கன்னங்கரேலென்ற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மாப்பிள்ளை, காலைல நல்லாத்தானே வந்துச்சு?” என்றாள் அம்மா.

“வந்துச்சு அத்தை. ஆனா சரியா வரல.”

பதினொன்று நான்குக்குத் தங்கை தெரிந்தாள். அம்மா, “என் கண்ணே பட்டுடும்,” என்றாள். அவர், “உதடு லேட்,” என்றார். உண்மைதான். குரல் முன்னால் போக, வாய் பின்னால் ஓடி வந்தது. குற்றம் தன் பெட்டியிலா, அவர்கள் அனுப்புவதிலா? இந்தக் கேள்வி ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்று நமக்குத் தெரியாது. திரையின் அடியில் ஒரு போன் நம்பர் ஓடியது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்து அழுத்தினார். கெட்ட நேரம், முதல் தடவையே கிடைத்துவிட்டது.

“வணக்கம் நேயரே, எங்கிருந்து பேசறீங்க?” என்றாள் நிகழ்ச்சி நடத்தும் பெண்.

“வீட்லேர்ந்து.”

“உங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க.”

“டிவி இல்லீங்க. கம்ப்யூட்டர்.”

தங்கை முகம் மாறியது. எங்களுக்கு அது நான்கு நொடி கழித்து வந்தது. அவர் அந்த நான்கையும் குறித்துக்கொண்டார்.

“சொல்லுங்க, உங்களுக்கு என்ன கறை?”

“கறை ஒண்ணும் இல்ல. அந்தம்மாவை ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லச் சொல்லுங்க. நிறுத்தி நிதானமா. அப்புறம் தலையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை.”

இஸ்திரிப் பெண்களில் ஒருத்தி வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டாள். நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. தங்கை ஒரு மூச்சு இழுத்தாள்.

“நேயரே,” என்றாள். “கறை பட்டதும் எல்லாரும் செய்ற மொத தப்பு தேய்க்கறதுதான். பொட்டு அளவு இருந்ததைத் தேய்ச்சுத் தேய்ச்சு தட்டு அளவு ஆக்கிடுவாங்க. கடைசில துணியே போயிடும். அதனால நீங்க மொதல்ல மௌஸ் மேலேர்ந்து கையை எடுங்க.”

“மௌஸா?” என்றாள் நடத்துகிறவள்.

“அது ஒரு மாதிரி பிரஷ்ங்க. ரெண்டு கையையும் மடியில வைங்க நேயரே. நான் பேசி முடிக்கற வரைக்கும் எடுக்கக்கூடாது.”

வைத்தார். பொய் சொல்லக்கூடாது, வைத்தார். பத்து நொடி இருக்கும். அந்தப் பத்து நொடியில் உதடும் குரலும் தாமாகவே ஒன்று சேர்ந்தன. பிசிறு இல்லை, ஊதா இல்லை. என் தங்கை எதிரில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசினாள்.

“பாத்தீங்களா, சரியாயிடுச்சு!” என்றேன்.

“அதான். ஏன் சரியாச்சுன்னு புரியல,” என்று மௌஸை எடுத்தார்.

திரை மறுபடி கறுத்தது.

அம்மா எழுந்தாள். அவள் பின்னால் மகள், அவள் பின்னால் இஸ்திரிப் பெண்கள், கடைசியில் நான். நேராக மாடியிறங்கிக் கீழே தையல்கடைக்குப் போனோம். தையல்காரர் நூல்கண்டு அலமாரியில் கையகல டிவி ஒன்று வைத்திருக்கிறார். மிச்ச நிகழ்ச்சியை ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அதில் பார்த்தோம். தங்கை வெளுத்துக் கட்டினாள். மைக்கறைக்கு அவள் சொன்ன வழியைத் தையல்காரர் சாக்கட்டியால் மேஜையிலேயே எழுதிக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

வண்டியை விட்டு இறங்கிய தங்கை, எங்கள் செருப்பு அத்தனையும் தையல்கடை வாசலில் கிடப்பதைப் பார்த்தாள். அவர் செருப்பு மட்டும் இல்லை. மாடியை நிமிர்ந்து பார்த்தாள். ஏறவில்லை. உள்ளே வந்து, கத்தரிக்கோலும் கையுமாக நின்ற தையல்காரரைப் பார்த்து, “எப்படிப் பேசினேன் அண்ணே?” என்றாள்.

மேலே மாடியிலிருந்து அவர் குரல் உற்சாகமாகக் கேட்டது: “இப்பப் பாருங்க எல்லாரும்! உதடு எப்படி ஒட்டுது பாருங்க!”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் கையில் இருப்பது மௌஸாக இல்லாமலும் போகலாம். குடும்பத்தையே நிற்கவைத்து வெளிச்சம் பார்க்கும் கேமராவாக இருக்கலாம், பாட்டு தொடங்கிய பின்னும் நீங்கள் விடாமல் திருகும் ஸ்பீக்கர் குமிழாக இருக்கலாம். அதற்கென்ன, வேலையைப் பாருங்கள். ஒன்று மட்டும் கேட்டுவைக்கிறேன்: உங்கள் முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் இருக்கின்றன அல்லவா, அங்கிருந்து கடைசியாக ஒரு தும்மல் சத்தம் கேட்டு எவ்வளவு நேரம் ஆகிறது?