துருவக் கடலின் தக்கையைப் பிடுங்கினேன்

பிள்ளைகளே, உதவி செய்யப் போகிறவனுக்குக் கை அடக்கம் வேண்டும். எனக்கு அது இல்லை. முல்லைத்தீவில் ஒரு பாடசாலை மண்டபமே அதற்குச் சாட்சி.

மகள் மெர்லின் அப்போது ஒன்பதாம் தரம். விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவள் எடுத்த தலைப்பு, துருவக் கடலில் எண்ணெய் கொட்டினால் அங்குள்ள உயிர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பது. முதலாவதாக வந்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். ஒரு மாதமாக வீட்டில் அதே கதைதான்.

"அப்பா, ஐஸுக்கு எங்க போறது?"

"கடற்தொழிலாளியின்ர பிள்ளை கேக்கிற கேள்வியே இது?" என்றேன். (துருவத்தை நான் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆனால் ஐஸில் நான் பேராசிரியர்.)

கண்காட்சி நாளன்று, மீன் போடும் பெரிய ஐஸ் பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோய், தண்ணீர் நிரப்பி, கட்டிகளை மிதக்கவிட்டோம். படகு எஞ்சினில் வடித்த பழைய ஒயிலை மெர்லின் இடுக்குகளில் ஊற்றினாள். அது கட்டிகளுக்குக் கீழே போய் ஒளித்துக்கொண்டது.

"இதுதான் அப்பா பயம். மேலால பார்த்தாத் தெரியாது. குளிருக்குக் கெதியா அழியவும் மாட்டுது. ஐஸ் உருகேக்கை வெளியில வந்து மீன்குஞ்சு, பறவை எல்லாத்திலயும் ஒட்டும்."

நடுவர் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார். மண்டபத்து வெக்கையில் ஐஸ் பாதி உருகிவிட்டது. ஐஸ் பெட்டியில் தண்ணீர் நின்றால் மீன் பழுதாகிவிடும். இருபது வருடப் பழக்கத்தில் என் கை தானாகப் போய், பெட்டியின் அடியிலிருந்த தக்கையைப் பிடுங்கியது.

"அப்பா! அதுக்குள்ள மீன் இல்லை!"

முதலில் தண்ணீர் போனது. தக்கை எங்கோ உருண்டுவிட்டது. நான் மேசைக்குக் கீழே தவழ்ந்து தேடுவதற்குள் கறுப்புக் கடல் புறப்பட்டது. பக்கத்து மேசைப் பிள்ளை கண்காட்சிக்கென்று நிலத்தில் அடுக்கியிருந்த முளைப்பயறு நனைந்தது. எழும்பப் போன நான் வழுக்கி, பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டோடு நடுவரின் காலடியில் குப்புற விழுந்தேன்.

"இது என்ன, பிள்ளை?" என்றார் அவர்.

மெர்லினுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"ஒயில் பட்ட கடல்நாய், சேர். எண்ணெய் கொட்டினதைவிட, யோசியாமல் துப்புரவாக்க வாற ஆக்களாலதான் பெரிய ஆபத்து."

நடுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தென்ன? மெர்லினுக்கு இரண்டாமிடம். மாகாணத்துக்குப் போனது ஒயிலில் குளித்த பயறு.

போன கிழமை குசினிக் குழாய் ஒழுகியது. நான் ஸ்பானரை எடுத்ததுதான் தாமதம், மனுசி வாளியைத் தூக்கிக்கொண்டு கத்தினாள்:

"மெர்லின், ஓடி வா! உன்ர அப்பர் துருவத்துக்கு வெளிக்கிட்டார்!"