ரைட்டு கண்டக்டரும் விசிலுக்கு நிற்காத நாய்களும்

உலகத்திலேயே சொந்த வீட்டுக்குள் விசில் அடித்துவிட்டு நுழைந்த ஒரே மனிதர் எங்கள் ரைட்டு கண்டக்டர்தான். நானும் எத்தனையோ ஊரில் குடியிருந்துவிட்டேன், எத்தனையோ விதமான ஆட்களோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டுவிட்டேன். வாசலில் நின்று ஒரு விசில், உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் இரண்டு விசில் என்று வாழ்ந்த மனிதரை உத்திரமேரூரில் மட்டும்தான் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது. கணவருக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெட்டியும் குடமுமாக வந்து இறங்கிய எங்களுக்கு, ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துத் தடுத்த இரண்டு போர்ஷனில் ஒன்று கிடைத்தது. மற்றதில் கண்டக்டர். கிணறும் துவைக்கிற கல்லும் இரண்டு வீட்டுக்கும் பொது. அவருடைய மூன்று நாய்களும் பொது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் அப்படி நினைக்கவில்லை. நாய் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே குலைநடுக்கம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஒரு தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். ரைட்டு சொல்லிச் சொல்லியே ரைட்டு ஆகிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். பிள்ளைகள் கிடையாது. வேலை அவரை விட்ட பிறகும் அவர் வேலையை விடவில்லை. காக்கிச் சட்டையைத்தான் போடுவார். கழுத்தில் விசில் தொங்கும். வாலாஜாபாத்தில் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டே முக்கால் வரை பஸ் நிற்குமாம். அதனால் அந்த நேரத்தில் மட்டும் தூங்குவார். அப்போது வீட்டுக்கூரை இடிந்து விழுந்தாலும் அவரை எழுப்ப முடியாது. நாய்களும் அதே நேரத்தில் தூங்கும்.

நாய்களுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேட்டு முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது. வாலாஜாபாத், மானாம்பதி, ஐயங்கார்குளம். எந்த ஸ்டாப்பில் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடிவந்ததோ, அந்த நாய்க்கு அந்த ஊர்ப் பெயர். வாலாஜாபாத் பெருத்த உடம்பு, நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடும். மானாம்பதி பெண், எப்போதும் பசி. ஐயங்கார்குளத்தைக் கூப்பிடும்போது வெறும் கொளம். அதற்கு ஒரு கண் தெரியாது. பக்கத்துத் தெருவில் ஊசிப்பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் அடுத்த நாள்தான் வெளியே வரும்.

அந்த நாய்களையும் அவர் பஸ்ஸில் கொண்டுவரவில்லை. மற்ற பஸ்களில் ஆடும் கோழியும் சீட்டில் உட்கார்ந்து போன காலம் அது. இவர் பஸ்ஸில் மட்டும் மனுஷனைத் தவிர ஒரு ஜீவன் ஏறக்கூடாது. மாமியார் வீட்டு விருந்துக்குச் சேவலோடு ஏறிய சொந்த மச்சானையே பாதி வழியில் வயல்காட்டில் இறக்கிவிட்டவர். ஆகவே ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நாள் லீவு போட்டு, சைக்கிளில் போய், முன்னால் கூடையில் வைத்துக் கூட்டிவந்திருக்கிறார்.

விசில் பாஷை அந்த மூன்றுக்கும் அத்துப்படி. இரண்டு விசில் அடித்தால் சாப்பிடலாம், ஓடலாம், குதிக்கலாம். ஒரு விசில் அடித்தால் வாயில் வைத்த சோற்றைக்கூட விழுங்காமல் நிற்கும். ஒரு தடவை ஓடிய பூனையை மானாம்பதி துரத்த, அவர் ஒரு விசில் அடிக்க, அது ஒரு காலைத் தூக்கியபடியே அப்படியே நின்றது. பூனையும் குழம்பிப்போய் நின்றது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எல்லாம் சரி, குரைப்பது மட்டும் கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் பாசஞ்சர் என்று அவர் பழக்கிவைத்திருந்தார். தபால்காரர் வந்தாலும், மீட்டர் பார்க்கிறவர் வந்தாலும், ஊர் பேர் தெரியாத ஆள் வந்தாலும், மூன்றும் எழுந்து வாலை ஆட்டி வழி விடும். இதுகள் திருடன் வந்தால் மூட்டை தூக்க ஒரு கை கொடுக்கும் என்று என் கணவர் ஒருநாள் சொல்லிவிட்டார். கண்டக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. நாயைக் காவலுக்கு வைத்திருப்பவன் வேறு, தான் வேறு என்று என்னிடம் வந்து அரை மணி நேரம் விளக்கினார். நானோ கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு அந்த இடுக்கு வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மானாம்பதி வாசல் படியில் உட்கார்ந்து என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு சித்திரை மாதத்து மதியம் திருடன் வந்தான். முதல் பாதி கண்டக்டர் பிறகு சொன்னது. அடுத்த பாதியை நானே கிணற்றடியிலிருந்து அவருடைய பின்வாசல் வழியாகப் பார்த்தேன்.

பின்சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்திருக்கிறான். நாய்கள் எழுந்து வழக்கம்போல வாலை ஆட்டி வழி விட்டிருக்கின்றன. அவன் நிதானமாகச் சாக்கை விரித்து, பரண் மேலிருந்த பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கியிருக்கிறான். அவை கண்டக்டர் மனைவியின் சீர் பாத்திரங்கள். ஒரு சொம்பு நழுவித் தரையில் உருண்டது. கூரை இடிந்தாலும் எழாத மனிதர், அந்தச் சொம்புச் சத்தத்துக்குக் கண் விழித்தார். தூக்கக் கலக்கத்தில் எதிரே ஓர் ஆள் நிற்பதைப் பார்த்ததும் முப்பது வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"எங்க ஏறின?"

கேட்ட குரல் அப்படிப்பட்டது. திருடனும் தன்னை அறியாமல் பதில் சொல்லிவிட்டான்.

"பின்னாலங்க."

பிறகுதான் இருவருக்குமே சுயநினைவு வந்தது. கண்டக்டர் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்த இரைச்சலில்தான் நான் கையில் தேய்த்த பாத்திரத்தோடு நிமிர்ந்து பார்த்தேன். ஆள் வாட்டசாட்டம். கண்டக்டர் அவன் தோள் உயரம்கூட இல்லை. மூலையில் சாத்தியிருந்த உலக்கையை அவன் எடுத்து, அவர் தலைக்கு நேராக ஓங்கினான். 

அதுவரை வாலை ஆட்டிக்கொண்டிருந்த மூன்று நாய்களையும் அந்த உலக்கை ஓங்கிய நொடியில் பார்த்திருக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் ஏவவில்லை. நாலடிக்கு ஒரு தரம் உட்காரும் வாலாஜாபாத் பறந்துபோய் அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. மானாம்பதி வேட்டியைப் பிடித்தது. பட்டாசுக்குப் பயந்த கொளம், ஒற்றைக் கண்ணோடு, உலக்கை பிடித்த கையை நோக்கி எகிறியது.

கண்டக்டர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு விசில் அடித்தார். நில் என்று. தன்னைக் கொல்ல வந்தவனை விட்டுவிட்டு, நாய்களை நிறுத்தினார். உலக்கை அவற்றின் மேல் விழுந்துவிடும் என்று அவருக்குப் பயம். அவை நிற்கவில்லை. கன்னம் உப்ப மறுபடி ஒரு விசில், மறுபடி ஒன்று. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மூன்றும் அந்த விசிலுக்கு நிற்கவில்லை. அவர் தலைக்கு வந்த உலக்கை கொளத்தின் விலாவில் இறங்கியது.

அதற்குள் நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. திருடன் வேட்டியை மானாம்பதியின் வாயில் விட்டுவிட்டு, கோடு போட்ட அண்டர்வேரோடு கடைத்தெரு முழுக்க ஓடினான். ஓடியவன் புத்திசாலித்தனமாக, கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் தாவி ஏறினான். அங்கே டிக்கெட் கேட்டார்கள். சில்லறை இருந்த மடி வேட்டியோடு போய்விட்டது. அவன் இடுப்பைத் தடவிக்கொண்டு நின்ற இடத்திலேயே பிடித்துவிட்டார்கள். கடைத்தெரு ஒரு மாதம் சிரித்தது.

எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கொளம் மூச்சு விடும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கியது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் கிராமத்துக்கு ஊசி போடப் போயிருந்தார். கம்பவுண்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தம் கட்டுகிறது, இருட்டுவதற்குள் காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கும் என்று சொன்னார். ஊரில் இருந்த ஒரே வாடகைக் கார் கல்யாணத்துக்குப் போயிருந்தது. மாட்டு வண்டி ராத்திரிதான் போய்ச் சேரும். சைக்கிளில் வைத்தால் குலுங்கும். மிச்சம் இருந்தது மூன்றரை மணி பஸ் ஒன்றுதான்.

என் பழைய நூல் புடவையில் கொளத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டு கண்டக்டர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. அவரிடம் வேலை பழகிய பையன்தான் இப்போது அதில் கண்டக்டர். ஏறுங்கண்ணே என்று அவன் கதவைத் திறந்துவிட்டான். இவர் படியில் ஒரு காலை வைத்தார், எடுத்துவிட்டார்.

"வேணாம்டா. நான் யாரு ஆடு கோழியையும் ஏத்தினது கெடையாது. இப்ப என்னுதுன்னு ஏத்தினா, எறக்கி வுட்டவங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

சொல்லிவிட்டு, கொளத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காஞ்சிபுரம் ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டார். பதினைந்து மைலுக்கு மேல். சித்திரை வெயில். பஸ்ஸில் இருந்தவர்கள் கூப்பிடுகிறார்கள், டிரைவர் ஹாரன் அடிக்கிறார், மனிதர் திரும்பவில்லை. அவர் தோளில் கொளத்தின் தலை ஒரு பக்கமாகத் தொங்கி ஆடியது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கணவரிடம்கூட அப்படி வந்ததில்லை. ஓடிப்போய் வழி மறித்தேன். நாயை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். தெருநாய் எதிரில் வந்தால் ரிக்‌ஷா தேடுகிறவள் நான். அது என் கழுத்தில் சூடாக மூச்சு விட்டது.

"இது என் நாய். நான் டிக்கெட் வாங்கிக்கிறேன். பாதி வழியில இறக்கிவிட்டா விடட்டும். நீங்க நடந்தே வாங்க."

ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் ரோட்டில் நின்று என்னையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வழி நெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார், இந்தப் பக்கம் நடக்கும் அநியாயம் தன் கண்ணில் படவில்லை என்பதைப்போல. ஒரு கை மட்டும் புடவைக்குள் நுழைந்து கொளத்தின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. காஞ்சிபுரம் வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

விலாவில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. டாக்டர் கட்டுப் போட்டு ஊசி குத்தி, தப்பித்தது என்று சொன்னபோது கண்டக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் தாராளமாக அங்கேயே அழுதேன்.

பிழைத்துத் திரும்பிய நாயைக் கொஞ்சுவார் என்று பார்த்தால், மனிதர் மூன்று நாள் அதோடு பேசவில்லை. சோறு வைப்பார், மருந்து தடவுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்ற இரண்டோடும் அப்படித்தான். நாலாம் நாள் காலையில் அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து கட்டுத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நான் கேட்டேவிட்டேன். உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய ஜீவன்கள் மேல் என்ன கோபம் உங்களுக்கு?

"நிறுத்துன்னு விசில் அடிச்சேன்மா. மூணு வாட்டி அடிச்சேன். நின்னுச்சா? நின்னிருந்தா இதுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

"நின்னிருந்தா உங்க மண்டை உடைஞ்சிருக்கும்."

"ஒடஞ்சா இன்னா? எனக்கு யாரு கீறாங்க, அழுவறதுக்கு?"

நான் வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போய், அந்தப் படியில் உட்கார்ந்தேன். வாலாஜாபாத் ஒரு பக்கம், மானாம்பதி ஒரு பக்கம். இருந்தாலும் நான் எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் நாய்க்காக மட்டுமா அழுதேன்னு நினைச்சீங்க?" என்று கேட்டேன்.

கண்டக்டர் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். நான் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, அவர் குனிந்து கொளத்தின் காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. எனக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னார்.

"டேய், நமக்குப் பக்கத்து வூட்டம்மா கீதுடா."

எனக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கு என் வீட்டில் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. சாப்பிட வந்த கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், பிறகு மோரை ஊற்றிக்கொண்டார்.