தாம்பூலப் பையில் ஏறிய மாமனார்

ஓவியக் கல்லூரியில் படித்தவனை விசேஷ வீட்டில் சும்மா விடக் கூடாது. கையிலிருக்கும் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிட வேண்டும். என் நிச்சயதார்த்தத்தில் யாரும் அதைச் செய்யவில்லை.

அப்போது எனக்கு ஒரு பழைய ஆங்கிலேய ஓவியர்மேல் பித்து. தன் ஊர்க்காரர்களின் குடியையும் பெருந்தீனியையும் வீண் ஜம்பத்தையும் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து விற்றவர். அவர்களும் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்களாம். லண்டனுக்கு அவர் என்றால் எங்கள் ஊர் போடிக்கு நான் (நல்லவேளை, வெளியே சொல்லவில்லை). வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் சாமி படத்துக்குப் பதிலாக என் நையாண்டிப் படம் என்று முடிவு செய்தேன்.

மரப்பலகையில் ஒரு பந்தியைச் செதுக்கினேன். நடுவில் ஒரு சாப்பாட்டு ராமர்: பானை வயிறு, முறுக்கு மீசை, ஊர் வழக்கப்படி இடது தோளில் துண்டு, வலது கையில் மலைபோல் சோறு. சத்தியமாக யாரையும் மனதில் வைத்துச் செய்யவில்லை. மை தடவிப் பைகளில் அழுத்தினேன். கோடுகள் சுத்தமாக விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன்.

அச்சில் இடது வலதாகும், வலது இடதாகும். (அந்தப் பாடம் நடந்த அன்று நான் கேன்டீனில் இருந்தேன்.)

எங்கள் வட்டாரத்தில் வலது தோளில் துண்டு போடுபவர் ஒரே ஒருவர்தான். மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் என் வருங்கால மாமனார். வயிறும் மீசையும் தாமாகவே பொருந்திக்கொண்டன.

மண்டபத்தில் சிரிப்பு பரவியது. என் சித்தப்பா பையை அவரிடமே நீட்டினார். "சம்பந்தி, ஒங்கள அப்படியே உரிச்சு வச்சிருக்கான் பாருங்க!"

மாமனார் முகம் கறுத்தது. "ஆத்தா, வெரசா ஜீப்புல ஏறு" என்றார் மகளிடம். செல்வி என்னைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். அவள் போயே விடுவாள் என்று நிஜமாகவே பயந்துபோனேன். ஓடிப்போய் ஜீப்பை மறித்தேன்.

"மாமா, அந்த வயிறு ஒங்க வயிறு இல்ல மாமா! மீசையும்..."

"வயிறு என்னதுதான்டா. மீசையும் என்னதுதான். அதுக்கா கோவிச்சுக்கிட்டுப் போறேன்?" பையை என் மூக்கருகில் ஆட்டினார். "நான் என்னைக்குடா எடது கையில சோறு தின்னேன்?"

அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. உளறிக் கொட்டி விளக்கினேன்.

"அந்தப் பலகையக் கொண்டா."

கொண்டுவந்தேன். பலகையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். "இதுல ஒழுங்காத்தான் திங்கிறேன்" என்று ஜீப்பை விட்டு இறங்கினார். நிச்சயம் நடந்தது. எனக்கு உயிர் வந்தது.

செல்விக்கும் எனக்கும் இப்போது பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். இன்றும் எந்த விசேஷமானாலும் மாமா இலை முன் உட்கார்ந்ததும் வலது கையை உயரத் தூக்குவார். "மாப்ளே, பாத்துக்கிட்டியா?"

நான் எழுந்து நின்று, "பாத்துட்டேன் மாமா" என்று சொன்ன பிறகுதான் பந்திக்குச் சாம்பார் வரும்.