மறதிக்கு ஒரு டியூஷன்

கல்வியின் நோக்கம் யாது என்ற வினாவுக்கு உலகத்து அறிஞர்கள் இன்றுவரை ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கொல்கத்தாவின் கரியாஹாட்டில் திருப்பூர் நைட்டியும் பனியனும் விற்கும் சூசைராஜ் மட்டும் எப்போதோ வந்துவிட்டார். கடை லைசென்ஸைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்துக்கு ஒன்பது தடவை நடந்ததில் கிடைத்த ஞானம் அது. கவுண்டருக்கு வெளியே நிற்கிறவன் படிக்காதவன். உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் படித்தவன். வேறொன்றுமில்லை. தன் மகளை எப்பாடுபட்டாவது உள்பக்கம் உட்கார வைத்துப் பார்த்துவிடுவது என்று அன்றைக்கே சபதம் செய்தார். மகள் அனன்யாவுக்கு இப்போது ஆறு வயது.

சூசைராஜ் எட்டாம் வகுப்போடு சாத்தான்குளத்தை விட்டுவந்து, ஹௌரா ஸ்டேஷனில் ஒரே ஒரு மாற்றுச் சட்டையோடு இறங்கியவர். வங்காள மொழியைத் திட்டு வாங்கிப் பாதி, திருப்பித் திட்டி மீதி என்று கற்றுக்கொண்டவர். கோபம் மூக்கு நுனியில், பேரம் நாக்கு நுனியில். இந்த இரண்டு முதலீட்டையும் வைத்துத்தான் பெஹாலாவில் சொந்தமாக ஃப்ளாட் வாங்கினார்.

லேக் கார்டன்ஸில் 'பிஷ்வொ அங்குர் குளோபல் அகாடமி' என்றொரு பள்ளி இருந்தது. அங்கே சீட் கிடைத்தால் பிள்ளை பாதி ஆபீசர் ஆன மாதிரி என்று ஊரே சொன்னது. அதற்காக அவர் மனைவி தமிழரசி ஒரு வருஷம் டி.வி. சீரியலைத் துறந்து, மகளுக்குத் தமிழ், வங்காளம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதக் கற்றுக்கொடுத்தாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை ஏற்றிவிட்டாள்.

நேர்காணல் நாளில் சேர்க்கை ஆலோசகர் ரஞ்சனா மேடம், கைத்தறிப் புடவையும் சுட்டமண் கம்மலுமாக வரவேற்றார்.

"உலகத்தின் தலைசிறந்த கல்வி மரபுகளை நாங்கள் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருக்கிறோம், மிஸ்டர் சூசை. பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளி தொடங்கும். ஆகவே ஏழு வயது வரை நாங்கள் எதுவும் கற்பிப்பதில்லை. ஜப்பானில் வகுப்பறையைக் குழந்தைகளே பெருக்குவார்கள். ஆகவே பெருக்க ஆள் வைத்துக்கொள்வதில்லை. ஜெர்மனியில் முதல் நாள் குழந்தைக்குப் பெரிய கூம்பு நிறைய மிட்டாய் தருவார்கள்."

"அதையாவது நீங்க தருவீங்களா?"

"பெற்றோர் தருவதுதான் அங்கே மரபு."

"ஒவ்வொரு ஊர்லயும் கடைக்காரனுக்கு எது லாபமோ அதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கீங்க. அருமையான கொள்முதல் மேடம்!" என்றார் சூசைராஜ். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குச் சொன்ன மனமார்ந்த பாராட்டுதான். தமிழரசி மேஜைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினாள்.

ரஞ்சனா மேடம் ஒரு செம்பருத்திப் பூவை எடுத்து அனன்யாவிடம் காட்டினார். "இது என்ன நிறம், ஷோனா?" என்று கண்ணே மணியே பாணியில் கேட்டார்.

அனன்யா மூன்று மொழியில் சொன்னாள். மூன்றையும் எழுதிக் காட்டினாள். கேட்காமலேயே பதினாறாம் வாய்ப்பாட்டையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

மேடத்தின் முகம் வாடிவிட்டது. பேனாவை மூடினார். "வருந்துகிறேன். குழந்தை மேல் கறை பட்டிருக்கிறது."

தமிழரசி பதறிப்போய் மகளின் ஃபிராக்கை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"ஃபிராக்கில் இல்லை, மூளையில். இந்த ஆண்டு முதல் வெள்ளைத்தாள் கொள்கை. குழந்தை எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். இவளுக்குக் கண்டுபிடிக்க நீங்கள் என்ன மிச்சம் வைத்திருக்கிறீர்கள்?"

சூசைராஜுக்கு ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. "தெரியலைன்னு என்னை அன்னைக்கு பெஞ்சு மேல ஏத்தினானுவ. தெரியும்னு எம் புள்ளைய இன்னைக்கு வெளிய தள்ளுதீயளா?" என்று தமிழில் கத்தினார். மேடத்துக்குத் தமிழ் தெரியாதது எல்லோருடைய நல்லகாலம். பிறகு மூச்சை இழுத்துவிட்டு, தெரிந்த வித்தையில் இறங்கினார்.

"சரி மேடம், வாய்ப்பாட்டைப் பத்தாக்கிக்கிறேன்."

"இரண்டு. அதுவும் தயங்கித் தயங்கி."

"நியாயமா பேசுங்க. அஞ்சு."

"மூன்று. ஒரு மொழி மட்டும்."

"ரெண்டு மொழி. இங்கிலீஷை வேணா கழிச்சுக்கிடுங்க."

"இங்கிலீஷ் இருக்கட்டும், மற்றதைக் கழியுங்கள்."

சூசைராஜ் சட்டென்று எழுந்து வாசல் வரை போனார். கரியாஹாட்டில் வாடிக்கையாளர்கள் அவரிடம் செய்கிற அதே காரியம். ஆனால் பின்னாலிருந்து "வாங்க, வாங்க" என்று குரல் வரவில்லை. அவரே திரும்பி வந்தார். அதற்குள் மேடம் விலையை ஏற்றிவிட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டார். எதுவுமே தெரியக்கூடாது, பதினைந்து நாள் அவகாசம்.

கொல்கத்தாவில் டியூஷன் இல்லாத விஷயம் கிடையாது. பெஹாலாவிலேயே ஒரு விளக்குக் கம்பத்தில் விளம்பரம் ஒட்டியிருந்தது: 'மறதி பாட்ச். நூறு சதவீதத் தேர்ச்சி. நடத்துபவர் நரேன் ஸார்.'

நரேன் ஸார் ஓர் அலுவலகத்தில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்! ஒரு கேள்விக்கும் பதில் சொன்னதில்லை" என்று தம் தகுதியை அடக்கமாக எடுத்துரைத்தார். முதல் பாடம் 'ஜானி நா'. வங்காள மொழியில் 'தெரியாது'.

"அதைச் சொல்லத் தெரியாதா ஸார் பிள்ளைகளுக்கு?" என்றார் சூசைராஜ்.

"எங்கே தெரிகிறது? வருத்தப்பட்டுச் சொல்லுகிறார்கள், வெட்கப்பட்டுச் சொல்லுகிறார்கள். அண்ணா, 'ஜானி நா' என்றால் கேட்டவன்தான் வெட்கப்பட வேண்டும்!"

வீட்டுப்பாடம் கடுமையாக இருந்தது. 'எனக்குத் தெரியாது' என்று தினம் நூறு தடவை எழுத வேண்டும். இரண்டாம் நாள் அனன்யா அழுதுகொண்டே வந்தாள். "அப்பா, பிழையில்லாம எழுதிட்டேன்னு ஸார் தப்புப் போட்டுட்டார்."

ஞாயிறுதோறும் தேர்வு. இரண்டாவது ஞாயிறு அனன்யா முதல் ரேங்க். அவள் படம் அதே விளக்குக் கம்பத்தில் ஏறியது. சூசைராஜ் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சந்தேஷ் கொடுத்தார்.

"எதுல ஃபர்ஸ்ட்?" என்று கேட்டார்கள்.

"எதுலயும் இல்ல. அதுலதான் ஃபர்ஸ்ட்!"

தமிழரசிக்குத்தான் இனிப்பு இறங்கவில்லை. அன்று அடுப்பங்கரையில் வைத்து, "பதினாறு ரெண்டு எவ்வளவுடி கண்ணு?" என்று ரகசியமாகக் கேட்டுப் பார்த்தாள்.

"ஜானி நா" என்றாள் அனன்யா. கேட்ட தாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என்னங்க, நிஜமாவே மறந்துட்டாளா, நடிக்கிறாளா?"

சூசைராஜுக்கும் தெரியவில்லை. நரேன் ஸாரிடமே போய்க் கேட்டார். "நல்ல மாணவிக்கு மூன்றாம் நாளே அந்த வித்தியாசம் போய்விடும்" என்றார் அவர்.

பதினைந்தாம் நாள். ரஞ்சனா மேடத்தின் அறைச் சுவரோரம் மற்றப் பெற்றோர்களும் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். நடுவில், மேஜைக்கு அந்தப் பக்கம், மேடத்துக்கு எதிரே அனன்யா.

"இந்தப் பூ என்ன நிறம்?"

"ஜானி நா."

"இது எத்தனை விரல்?"

"ஜானி நா."

"உன் பெயர் என்ன, ஷோனா?"

"ஜானி நா."

"ஆஹா!" என்று மேடம் கண்ணை மூடி ரசித்தார். "வெள்ளைத்தாள்! பின்லாந்தில்கூட இப்படி ஒரு குழந்தை கிடைக்காது. கடைசியாக ஒன்றே ஒன்று. சம்பிரதாயக் கேள்வி. கல்வி எதற்காக?"

அனன்யா கையை நீட்டினாள். மேஜை மேல் இருந்த ஒரு ஃபைலைத் தன் பக்கம் இழுத்து மெதுவாகப் பிரித்தாள். தலை நிமிரவில்லை. ஒரு தாளைப் புரட்டினாள். இன்னொரு தாளைப் புரட்டினாள். மேடம் தொண்டையைச் செருமினார். அனன்யா மூன்றாவது தாளைப் புரட்டி, முதல் தாளுக்கே திரும்பிப் போனாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. சூசைராஜின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தமிழரசி அந்தோணியாரை வேண்டத் தொடங்கினாள்.

கடைசியில் அனன்யா ஃபைலை மூடினாள். அப்போதும் நிமிராமலே சொன்னாள்: "இப்போ டிஃபின் நேரம். கால்கே ஆஷ்பேன்."

நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம்.

ரஞ்சனா மேடம் இந்தியக் குடிமகளாக நாற்பத்தாறு வருஷ அனுபவம் உள்ளவர். மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் உடம்புக்கு எட்டிவிட்டது. தடக்கென்று எழுந்து நின்றார். "எத்தனை மணிக்கு வரட்டும், மேடம்?" என்று பணிவாகக் கேட்டார்.

சுவரோரம் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். "ஜெராக்ஸ் எத்தனை காப்பி கொண்டுவரணும்?" என்றார் ஒருவர். "ஃபோட்டோ ஒட்டணுமா?" என்றார் இன்னொருவர். ஒரு வரிசை தானாகவே உருவாயிற்று.

சூசைராஜுக்கு நெஞ்சு விம்மியது, கண் நிறைந்தது. "எம் மவ! எம் மவ!" என்று கூவ வாயெடுத்தார். ஆனால் குரலை உயர்த்தினால் இந்தப் புது மேடம் கோபித்துக்கொண்டு ஃபைலை நாளை மறுநாளைக்குத் தள்ளிவிட்டால் என்ன செய்வது? துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "கடைசி ஆள் யாருங்க?" என்று மெதுவாக விசாரித்து, வரிசையில் ஆறாவதாகப் போய் நின்றார்.